ஓர் அங்குலம்

அண்ணன் வண்ணம் தீட்டிய விரல் உயரச் சிப்பாய்ப் பொம்மைகளைத் தம்பி இரண்டு படைகளாக மேசைமேல் நிறுத்தினான். அண்ணன் இறந்துபோய் எட்டு மாதம் ஆகிறது. பகடை உருட்டி, அளவு டேப்பால் அளந்து சிப்பாய்களை நகர்த்தும் அந்தப் போர் ஆட்டத்துக்கு ஆள் சேரவில்லையென்றால் எல்லாவற்றையும் யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவதாக அண்ணி சொல்லியிருந்தாள்.

வந்த நண்பர்கள் இரண்டே பேர். மெக்கானிக் பகடையை உருட்டிவிட்டுக் கொட்டாவி விட்டான்.

"டேப் வச்சு அளந்து அளந்து நகர்த்துறதுக்கு நான் தச்சு வேலைக்கே போயிருப்பேனேடா! ஆளை விடு சாமி."

போட்டோகிராபர் செருப்பைத் தேடினான்.

"டீயாவது குடிச்சிட்டுப் போங்கடா" என்று தம்பி கெஞ்சி, இருவரையும் அடுக்களைக்குக் கூட்டிப்போனான். அங்கே நிற்கும்போது, கூடத்தில் டேப் கர்ரென்று இழுபடும் சத்தம் கேட்டது. வீட்டில் வேறு யாரும் இல்லை. இருவரும் அவன் எதிரில்தான் டீயை ஊதிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்ததும் மெக்கானிக் மேசைமேல் குனிந்தான். "டேய், உன் தளபதி பின்னாடி நிக்கிறான்! இடது பக்கம் காலி!"

நாலே உருட்டலில் ஜெயித்துவிட்டுத் துள்ளினான். "அடுத்த சனிக்கிழமையும் வர்றோம். இவன் வரலேன்னா இழுத்துட்டு வர்றேன்."

புதியவர்களிடம் அண்ணன் அப்படித்தான் தோற்பான். தளபதியை ஓர் அங்குலம் பின்னுக்கு நகர்த்தி இடது பக்கத்தைத் திறந்துவிடுவான். ஜெயித்தவன் மறுபடி வருவான் என்பது அவன் கணக்கு. தம்பியைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

நண்பர்கள் போன பிறகு மேசையைப் பார்த்தான். அண்ணனின் நாற்காலிக்கு நேரே டேப் கிடந்தது. நாடா ஓர் அங்குலம் மட்டும் வெளியே நீண்டு நின்றது. பொத்தானை அழுத்தினால் உள்ளே போய்விடும்.

அவன் அழுத்தவில்லை.