மதராஸ் மணிப்படி

"பதினொன்றரைக்குப் புறப்படுற ஆகாயக் கப்பல்ல என் மகள் ஏற மாட்டா. பன்னெண்டுக்கு மேல வையுங்க."

"ப்ளேனையா?"

"பின்னே, ராகு காலத்தையா?"

கேட்டவர் தங்கையா; ரெம்பியா பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணி. குரலை உயர்த்தாமலே நூறு பேரை வரிசையில் நிறுத்திப் பழகியவர். அவருக்கு எதிரே, மலாக்கா விமானத் திடலின் முகப்பில், குமாஸ்தா காளிமுத்து நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஐயா, ஒம்பது மணி ப்ளேன் லேட்டானதுக்கு நாங்க என்ன செய்யறது? மிலிட்டரிக்காரன் திடலை எடுத்துக்கிட்டான். அவன் கெளம்பினாத்தான் நம்ம ப்ளேன் எறங்க முடியும்லா."

"லேட்டுக்கு நான் கோவிக்கல. ஒம்பது மணின்னு சொல்லித்தான் டிக்கெட்டு வித்தீங்க. ஒம்பது மணி நல்ல நேரம். பதினொன்றரை ராகு காலம். நல்ல நேரத்தைக் காட்டிக் கெட்ட நேரத்தைக் குடுக்கிறது என்ன வியாபாரம்?"

காத்திருந்த பயணிகளில் இருவர் செய்தித்தாளுக்குப் பின்னால் சிரித்தனர். தங்கையா திரும்பிப் பார்த்தார். செய்தித்தாள்கள் உயர்ந்தன.

"அடுத்த ப்ளேன் எப்போ?"

"திங்கக்கெழமைங்க."

"அப்போ திங்கக்கிழமை." அவர் மகளின் பெட்டியைத் தூக்கினார். "வாம்மா, வீட்டுக்குப் போலாம்."

கோமளா பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா! இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சிங்கப்பூர் போய்ச் சேரலைன்னா எல்லாம் போச்சு. பள்ளிக்கூடத்துல எனக்காக வேலையை வச்சிக்கிட்டு உக்காந்திருக்க மாட்டாங்க. அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுருவாங்க."

"உசிரு இருந்தா வேற வேலை."

"அப்போ பஸ்ல போறேன்."

"போன வாரம் அந்த ரோட்டுலதானே பஸ்ஸைக் கொளுத்தினானுங்க? ரயில்னு சொல்லாதே. தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டிருக்கானுங்க."

காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடக்கும் அவசரகாலம் என்பதால்தான் கிராணியார் ஒரு மாதச் சம்பளத்தை மகள் கையில் கொடுத்து விமானச் சீட்டு எடுக்க அனுப்பியிருந்தார். வாசலில் காவலர் கட்டுச்சோற்றைக் குச்சியால் கிளறிப் பார்த்தபோதும், காட்டுக்குள் இருப்பவனுக்குப் புளிச்சோறு கொண்டுபோகும் முகமா தமக்கு என்று கேட்காமல் பொறுத்துக்கொண்டார். ஆயுதம் ஏந்தியவனிடமிருந்து காப்பாற்ற அரசாங்கம் இருந்தது. ராகுவிடமிருந்து காப்பாற்ற அவரை விட்டால் யார் இருக்கிறார்கள்?

கோமளாவின் கண்கள் நிறைந்தன. பெட்டியை மட்டும் அவள் விடவில்லை.

அப்போது, ஓர நாற்காலியில் இருந்த இளைஞன் ஒருவன் எழுந்துவந்து கைகூப்பினான். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி.

"மன்னிக்கணும் ஐயா. நீங்க பார்க்கிற பஞ்சாங்கம் எங்க அச்சடிச்சது?"

"மதராசுல. வேற எங்க?"

"அப்போ அதுல போட்டிருக்கிறது மதராஸ் மணி. இப்போ இங்க பதினொண்ணு, அங்க ஒம்பதுதான். நாம பதினொன்றரைக்கு ஏறும்போது அங்க ஒம்பதரை. ஒம்பதைவிட நல்ல நேரம் அப்பத்தான் பொறக்குது."

தங்கையா யோசித்தார். "அப்படின்னா இத்தனை வருசமா நான் இங்கத்த மணிக்குப் பார்த்தது?"

"தரையில நடக்கிற காரியத்துக்கு இங்கத்த மணி சரிங்க. ஆகாயத்துக்கு ஏது ஊரு? மேல போயிட்டா பஞ்சாங்கக்காரர் சொன்ன மணிதான்."

இதில் ஏதோ இடறியது. எங்கே என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால், பெரியவரிடம் எதிர்த்துப் பேசாமல், பஞ்சாங்கத்தையும் பழிக்காமல் பேசிய விதம் அவருக்குப் பிடித்திருந்தது.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"மஸ்ஜித் தானா. பூர்வீகம் முசிறிப் பக்கம். பேரு மணியம்."

"முசிறியா? நமக்கும் ஆத்துக்கு அந்தப் பக்கம்தான். என்ன உத்தியோகம்?"

"சிங்கப்பூர் துறைமுகத்துல ஸ்டோர் கிளார்க்குங்க. குடி, சிகரெட்டு ஒண்ணும் கெடையாது."

"அதை நான் கேக்கலியே!" என்றார் தங்கையா, மகிழ்ச்சியோடு.

"அப்பா, முன்னப்பின்ன தெரியாதவங்ககூட எதுக்கு இவ்வளவு பேச்சு?" என்றாள் கோமளா, தலையை நிமிர்த்தாமலே. வளர்ப்பு என்றால் இதுவல்லவா என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ராணுவ விமானம் கிளம்பியது. பயணிகள் விமானம் இறங்கியது. மற்றவர்கள் ஏறினார்கள். தங்கையா கைக்கடிகாரத்தில் இரண்டு மணி நேரத்தைக் கழித்து, மதராசில் ஒன்பதரை ஆகும் வரையில் இருவரையும் நிறுத்திவைத்தார். விமானி எட்டிப் பார்த்தார். தங்கையா அவரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"தம்பி, புள்ளைக்கு இதுதான் முதல் பிரயாணம். கொஞ்சம் பார்த்துக்குங்க."

"கண் கலங்காம பார்த்துக்கிறேங்க."

மழையில் நனைந்த படிக்கட்டு வழுக்கும் என்று, மகளின் கையைப் பிடித்து அவன் கையில் கொடுத்தார். "வலது காலை எடுத்து வச்சு ஏறும்மா."

இருவரும் குனிந்து அவர் காலைத் தொட்டார்கள். இந்தக் காலத்தில் இப்படியும் ஓர் அந்நியன் என்று நெகிழ்ந்து, அவன் நெற்றியிலும் விபூதி பூசினார்.

விமானம் மேகத்துக்குள் மறைந்தபின், காளிமுத்து வேலியோரம் வந்து நின்றான்.

"நீங்க ஏத்த மாட்டேன்னதும் நான் பயந்தே போயிட்டேங்க ஐயா."

"ராகு காலத்துக்கு நீ எதுக்குப்பா பயப்படணும்?"

"அதுக்கில்லீங்க. ரெண்டு பேரும் ஒண்ணா வந்து டிக்கெட் எடுத்தப்போ, சாயங்காலம் சிங்கப்பூர்ல ரிஜிஸ்டர் கல்யாணம், எங்கப்பா சம்மதிக்கவே மாட்டாருன்னு அந்தப் புள்ள இங்க நின்னு அழுதுச்சு. நீங்க என்னடான்னா ஊரு, உத்தியோகம் எல்லாம் விசாரிச்சு, நல்ல நேரமும் பார்த்து, கையைப் பிடிச்சே குடுத்துட்டீங்க!"