இடது லைற், வலது லேசர்

"பிள்ளை, உமக்கு அடிச்சது லேசரோ, லைற்றோ?"

கரண்ட் போய், தோல் வைத்திய நிலையத்தின் மின்விசிறிகள் எல்லாம் நின்றிருந்தன. வாசலோரம் கதிரையை இழுத்துப் போட்டு, பழைய சஞ்சிகையால் விசிறிக்கொண்டிருந்த பெண்ணிடம்தான் தேவகுமாரி இப்படிக் கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கலாம். இடது கன்னத்தில் வெயில் புள்ளிகள் மங்கலாகத் தெரிந்தன. வலது கன்னத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. ஆனால் காதோரமாக ஒரு கரும்பட்டை ஓடியது.

"ரெண்டும்தான் அக்கா. இடப்பக்கம் லைற், வலப்பக்கம் லேசர்."

ஒரே முகத்தில் இரண்டு வைத்தியமா? தேவகுமாரிக்கு நம்ப முடியவில்லை.

"இங்கத்தை டொக்டருக்கு என்ன விசரே? நீர் ஏசேல்லையோ?"

"ஒவ்வொரு நாளும் ஏசுறனான்" என்று அவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் தேவகுமாரிக்கு வாய் திறந்துகொண்டது. நீர்வேலியில் வாழைத்தோட்டத்து வெயிலில் கருகிப் புள்ளி விழுந்த முகம் தன்னுடையது. மகளின் கலியாணப் பதிவு எழுத்துக்குப் போன இடத்தில், மணப்பெண்ணின் அம்மம்மா என்று நினைத்து, பயபக்தியோடு எழும்பி யாரோ கதிரை கொடுத்தார்களாம். ஈஸ்டர் முடிய மாதா கோயிலில் கலியாணம். அன்றைக்காவது தாயைப் போல் மகளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். கனடாவில் இருக்கும் தங்கையோடு வேலை செய்கிற வெள்ளைக்காரி ஒருத்தி லேசர் செய்து, உரித்த முட்டை மாதிரி ஆகிவிட்டாளாம். பக்கத்து வீட்டுக்காரியோ லைற்தான் நல்லது என்கிறாள்.

அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். எங்கள் தோலில் நிறம் அதிகம். சூடு புள்ளியை மட்டும் பிடிக்காது, சுற்றியுள்ள நிறத்தையும் பிடித்துவிடும். லைற் என்பது பளிச்சென்று அடிக்கிற வெளிச்சம், மெதுவாகத்தான் வேலை செய்யும், பல தடவை வர வேண்டும், கவனமில்லாவிட்டால் அதுவும் சுடும். லேசர் ஆழமாகப் போகும். வெள்ளைத் தோலுக்கு வைக்கிற அளவை இங்கே வைத்தால் கறுத்துவிடும். எதைச் செய்தாலும் குடை பிடிக்காவிட்டால் புள்ளி திரும்ப வரும்.

"அப்ப உமக்கு வந்த இந்தக் கறுப்பு?"

"அளவு கூடிப்போச்சுது. முந்தி வாயடி வரைக்கும் இருந்தது. இப்ப குறைஞ்சு குறைஞ்சு காதடிக்கு வந்திட்டுது."

தேவகுமாரி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் போறன் பிள்ளை. பட்டை பட்டையாக் கறுத்துப்போய்க் கோயிலிலை நிக்கிறதை விட, இந்தப் புள்ளியளோடையே நிக்கிறன்."

"இருங்கோ அக்கா. உங்களுக்கு அப்பிடி வராது. டொக்டர் என்ரை முகத்திலை படிச்சிட்டா. இப்ப சூட்டைக் குறைச்சுத்தான் வைக்கிறா."

"அவ படிக்கிறதுக்கு உம்மடை முகம்தானோ கிடைச்சது?"

"ஆரின்ரையோ ஒரு முகத்திலை முதல் பாக்கத்தானே வேணும்."

தேவகுமாரிக்கு மனம் பொறுக்கவில்லை. இவ்வளவு நல்ல பிள்ளையை இப்படி ஆக்கிவிட்டு, அந்த டொக்டர் உள்ளே குந்திக்கொண்டிருக்கிறாவாக்கும். அந்த நேரம் கரண்ட் வந்தது. வரவேற்பு மேசையிலிருந்த டிலக்ஷி, "தேவகுமாரி அன்ரி, இனி உள்ளை போகலாம்" என்றாள்.

போக நினைத்தவள் நின்றாள். சட்டென்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள்.

"நீரும் என்னோடை வாரும். இந்தக் கன்னத்தைக் காட்டி அவவை நாலு கேள்வி கேக்கவேணும்."

அவள் மறுக்காமல் கூடவே வந்தாள். அறைக்குள் ஒருவரும் இல்லை. டொக்டரின் கதிரையும் வெறுமையாகக் கிடந்தது.

அந்தப் பெண் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு மேசையைச் சுற்றிப் போனாள். கதிரை முதுகில் தொங்கிய வெள்ளை மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கேளுங்கோ அக்கா. கேட்டு முடிஞ்சு உங்களுக்குச் சம்மதமெண்டால், நாளைக்குக் காலமை உங்கடை காதுக்குப் பின்னாலை ஒரு பொட்டளவு இடத்திலை மட்டும் அடிச்சுப் பாப்பம்."