காதின் பின்னால் ஒரு கடுகு

"கண்ணாடிப் பெட்டியை ஒரே ஒரு தடவை திறங்க சார். அரை மணி நேரம் போதும்" என்றாள் அவள், அந்த வாரத்தில் எத்தனையாவது முறையாகவோ.

காப்பாளர் சாவிக்கொத்தை ஒரு பையிலிருந்து மறு பைக்கு மாற்றிக்கொண்டார். அந்த அருங்காட்சியகத்தில் எல்லோரும் அவரைப் 'பூட்டு' என்றுதான் சொல்வார்கள், அவர் காதில் விழாதபடி.

அவள் அங்கே பழம்பொருள்களைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்துக் கணினியில் ஏற்றுகிறவள். பெட்டிக்குள் சிரித்துக்கொண்டிருக்கும் சுடுமண் பெண் தலையை இணையத்தில் போட்டதும் அவள்தான். இன்றைக்கு யார் வேண்டுமானாலும் அந்த ஃபைலை இறக்கி, முப்பரிமாண அச்சுக் கடையில் கொடுத்து, அப்படியே இன்னொரு தலை செய்துகொள்ளலாம்.

அதில்தான் வந்தது வினை. படமெடுக்கும்போது தலை உருளாமலிருக்க அடியில் மெழுகு வைத்திருந்தாள். அதில் கடுகளவு இடது காதின் பின்னால் ஒட்டிக்கொண்டதை அவள் கவனிக்கவில்லை. பிறகு தலையை நன்றாகத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாயிற்று. ஃபைலில் மட்டும் அந்தக் கடுகு அப்படியே நின்றுவிட்டது.

அதைப் பார்த்த ஒரு பேராசிரியர், அந்தக் காலத்துப் பெண்கள் காதின் பின்னால் ஏதோ குறி வைத்துக்கொண்டார்கள் என்று புத்தகமே எழுதிவிட்டார். தன் மெழுகு வரலாறாகப் போகிறதே என்று அவளுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

"கம்ப்யூட்டர்லயே அழிச்சிடேம்மா. சும்மா கிடக்கிற சங்கை எதுக்கு ஊதிக் கெடுக்கணும்?"

"அந்தக் கடுகுக்கு அடியில என்ன இருக்குன்னு எனக்கு எப்படி சார் தெரியும்? நானா பூசி மெழுகினா அது இன்னொரு பொய். அசலைத்தான் மறுபடி எடுக்கணும்."

வெளியே ஈரக்காற்று என்றார் காப்பாளர். மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவர்.

அவளுக்கு அதுதான் விளங்கவில்லை. ஆரம்பத்தில் இந்தப் படமெடுப்பே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவர். அசல் கையில் இருக்கும்போது நகல் எதற்கு என்று கேட்டவர். இப்போதோ அந்த ஃபைலை நாலு இடத்தில் பத்திரப்படுத்தச் சொல்லி அவள் உயிரை எடுக்கிறார். கணினி கொஞ்சம் மக்கர் செய்தாலும் முதல் ஆளாக ஓடிவந்து, தலை பத்திரமா என்று விசாரிக்கிறார். கல்லையே கரைத்துவிட்டோம் என்று அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

ஆனால் இன்று விடுவதாக இல்லை.

"புத்தகம் அச்சுக்குப் போகுது சார். நாளைக்குப் பிள்ளைங்க அதைப் படிக்கும். தப்பு பண்ணினவ நான், நானே திருத்தணும். நீங்க திறக்கலேன்னா இயக்குநர்கிட்ட போறதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல."

இயக்குநர் என்றதும் அவர் முகம் சுண்டிப்போனது. சாவிக்கொத்தை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டே எந்தப் பூட்டையும் திறக்கிற மனிதர், அன்று சாவியை மாற்றி மாற்றிப் போட்டார். அவளுக்கே பாவமாக இருந்தது. மிரட்டியிருக்க வேண்டாமோ என்று நினைத்துக்கொண்டாள்.

கண்ணாடி திறந்தது. சிரிக்கும் பெண் எப்போதும்போலச் சிரித்தாள்.

மெல்லிய கையுறையை மாட்டிக்கொண்டு, தூக்குவதற்கு முன் மன நிம்மதிக்காக இடது காதின் பின்னால் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

கடுகளவு ஏதோ இடறியது. நகத்தால் சுரண்டினாள். அது மெழுகு இல்லை, உதிரவும் இல்லை. தலையோடு தலையாக இருந்தது.

"போன வருஷம் துடைக்கிறப்ப கை நழுவிடுச்சும்மா" என்றார் காப்பாளர், கையிலிருந்த பூட்டைப் பார்த்தபடி. "உன் ஃபைலைக் கடையில கொடுத்துத்தான் இதைச் செஞ்சு வாங்கினேன். இனி உன் கம்ப்யூட்டர்ல இருக்கறதுதான் அசல்."