சுனைத் தண்ணீர்

மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள் சுப்ரஜா.

மே மாதத் திருத்தணியில் அது சின்ன உத்தரவு இல்லை. என் மனைவி சாய்லக்ஷ்மி முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தினாள். தங்கை என்பதால் விட்டாள்.

சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய மடிக்கணினி. அதனருகே சிறிய பெட்டி. பெட்டியிலிருந்து வரும் கம்பியின் நுனியில் விரல் நகத்தளவு தகடு, தகட்டின் மேல் ஒரு கறுப்புப் புள்ளி. தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய கரிக்குழாய்கள் அதற்குள் கோடிக்கணக்கில் கிடக்கின்றனவாம்.

மொட்டை போட ஊர் ஊராக வந்து இறங்கும் இடத்தில் இவள், முடியைவிட மெல்லியதைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நான் பெரும்பாலும் சொல்வதில்லை.

மாத்திரைகளிலிருந்தும் மாட்டு ஊசிகளிலிருந்தும் தண்ணீரில் கலக்கும் ஹார்மோனை அந்தப் புள்ளி மோப்பம் பிடிக்க வேண்டும். சாக்கடை சேரும் ஏரித் தண்ணீரில் வைத்தால், திரையில் ஓடும் கோடு ஓரிடத்தில் மாட்டுத் திமில் போல எழ வேண்டும். மலை மேல் இருக்கும் சுனைத் தண்ணீரில் எழக் கூடாது.

நாலு வருட ஆராய்ச்சி. ஆறு முறை பார்த்துவிட்டாள். ஆறு முறையும் இரண்டு கோடுகளும் ஒன்றன் மேல் ஒன்று படுத்துக்கொண்டன. இன்றும் அப்படியே ஆனால் வேறு தலைப்பை எடுத்து முதலிலிருந்து தொடங்கு என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

அந்த ஆறு முறையும் அவளே மலை ஏறித் தண்ணீர் எடுத்தாள். இந்த முறை கால் சுளுக்கு. அதனால் சீட்டு ஒட்டிய இரண்டு சீசாக்களையும் காலையில் என் பையில் வைத்து அனுப்பினாள். வெயிலில் மலை ஏறி வந்தவன் என்று எனக்கு இரண்டு டம்ளர் மோர் கிடைத்தது.

மூன்று நிமிடம் யாரும் அசையவோ பேசவோ கூடாது என்றாள் சுப்ரஜா.

"பேசாம இருக்கறதுக்கு இவரு போதும். இவரு வாயத் தொறக்க வெக்கறதுக்கு ஒரு மிஷின் கண்டுபிடியேன்டி," என்றாள் சாய்லக்ஷ்மி.

முதலில் 'ஏரி'. கோடு ஊர்ந்து வந்தது. சரியான இடத்தில் திமில் எழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. திமில் முன்பும் எழுந்ததுண்டு. இரண்டிலும் எழுந்ததுதான் அவளுடைய தலைவலி.

புதுத் தகடு மாட்டினாள். 'சுனை'.

என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கோடு அந்த இடத்தை நெருங்கியது. எழத்தான் போகிறது என்று எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டேன்.

விசும்பல் கேட்டுத் திறந்தேன். கோடு அந்த இடத்தைத் தாண்டி, தரையோடு தரையாகப் போய்க்கொண்டிருந்தது.

சுளுக்கிய காலோடு சுப்ரஜா எழுந்து நின்று அழுதாள். சாய்லக்ஷ்மி மின்விசிறியைப் போட்டதில் காகிதமெல்லாம் பறந்தது. அக்காவும் தங்கையும் அவற்றைப் பொறுக்கிக்கொண்டே சிரித்தார்கள். பேராசிரியருக்கு உடனே போன் போனது.

பேசி முடித்து சுப்ரஜா என்னிடம் வந்தாள்.

"பாவா, சார் நாளைக்கு அவரே வராராம். இன்னிக்கு புடிச்சுகினு வந்தீங்களே, அதே மாதிரி இன்னொரு தபா புடிச்சுகினு வந்துடுங்க."

"ஆங்," என்றேன்.

இன்று காலையில் ஏரிக்கரைப் புளியமரத்தடியில் உட்கார்ந்தபோது, படித்துக்கொண்டிருந்த நாவலில் நாற்பது பக்கம் பாக்கி இருந்தது. முடித்து நிமிர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. மலையைப் பார்த்தேன். கையிலிருந்த இரண்டு சீசாக்களையும் பார்த்தேன். இரண்டையும் ஏரியிலேயே முக்கி எடுத்தேன்.

இப்போது நாளை காலைக்காகப் பையை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். நிஜமாகவே மலை ஏறிவிடலாம்தான்.

எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு நாவலையும் உள்ளே வைத்தேன்.