எலிச் சோதனை

லூயிசா கூடை நிறைய கடல் மட்டிச் சிப்பி வாங்கியிருந்தாள்.

"வெஷம் இருக்கலாம். எங்க லேப்ல பாக்காம யாரும் வாயில வைக்கக் கூடாது!" என்று கணவன் அகஸ்டின் ஒரு பிடி அள்ளிக்கொண்டான்.

"எப்டி பாப்பீங்க?"

"சாறெடுத்து எலிக்கு ஊசி போடுவேன். கால் மணி நேரம் தாங்கிச்சுன்னா நாமளும் சாப்பிடலாம்."

"எலி தாங்கினா மனுசன் தாங்குவானா?"

அகஸ்டின் சிரித்தான்.

மதியம் ஊசி போட்ட எலியைப் பார்த்துக்கொண்டே, டிபன் கேரியரில் காலையிலேயே லூயிசா வைத்துக் கொடுத்திருந்த நான்கு கட்லட்டையும் தின்று தீர்த்தான். எலி கூண்டுக்குள் துள்ளி ஓடியது.

மாலையில் சைக்கிளில் சாந்தோம் வீட்டுக்குப் பறந்தான்.

"லூயிசா, எலி சாவல! மட்டிய சமை!"

"சமைச்சு வெச்சிக்கினு உங்களுக்காகத்தான் காத்துக்கினு கீறோம்."

காலி கேரியரைத் திறந்து பார்த்தவள், உள்ளே திரும்பிக் கத்தினாள்:

"பசங்களா, தட்டு எடுங்க! நாலு மட்டி கட்லட் சாப்ட உங்கப்பா, தோ, சைக்கிள் ஓட்டிக்கினு வந்துட்டாரு!"