கோட்டின் மேல் ஒன்பது எட்டு

அந்தப் போலீஸ்கார அம்மா சாட்சிக் கூண்டில் ஏறியதுமே டைல்ஸ்காரர் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

'முகத்தைப் பாரு, கல்லு மாதிரி' என்று மனசுக்குள் கறுவினாள்.

கறுவ மாட்டாளா பின்னே? அவள் புருஷன் வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வேனில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவரை மடக்கி, ரோட்டில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டின் மேல் நடக்கவிட்டு, தடுமாறினார் என்று குடிபோதைக் கேஸ் எழுதியது இந்த அம்மாதான். தண்டனை ஆகிவிட்டால் லைசென்ஸ் போய்விடும். வேன் இல்லாமல் டைல்ஸையும் கட்டர் மெஷினையும் தலையிலா சுமக்க முடியும்? தொழிலே படுத்துவிடும்.

அரசு வக்கீல் எழுந்தார்.

"இது விஞ்ஞானப்பூர்வமான சோதனை, ஐயா. குதிகாலும் விரலும் ஒட்டுற மாதிரி கோட்டு மேல ஒன்பது எட்டு வைக்கணும். இவர் நாலு தடவை கோட்டை விட்டு விலகியிருக்கார். இதை அறிவியல் சாட்சியமாவே ஏத்துக்கணும்."

"ஊதிப் பார்க்கிற மெஷின் என்னாச்சு?" என்று கேட்டார் நீதிபதி.

"அன்னைக்கு ரிப்பேர், ஐயா."

"ரத்தம் எடுத்தீங்களா?"

"இல்லைங்க ஐயா. இந்தச் சோதனையே போதும்னு…"

நீதிபதி டைல்ஸ்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"ஐயா, நான் நேராத்தான் நடந்தேன். அந்தக் கோடுதான் கோணல். நடுவுல ரெண்டு விரல் அளவுக்கு வலது பக்கம் இழுத்திருக்கு. இருபத்திரண்டு வருஷமா நூல் பிடிச்சு டைல்ஸ் போடறவன் நான். கோணல் மேல எனக்குக் கால் போகாதுங்க."

கோர்ட்டே சிரித்தது. மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் மனுஷர் முதலில் பார்ப்பது தரையைத்தான். பிழைப்பே போகிற நேரத்திலும் அந்தப் புத்தி விடவில்லை.

அவர்களுக்காக ஆஜரான வக்கீல் சின்ன வயசுக்காரர். கவுன்கூட இன்னும் கசங்கவில்லை. அவர் மேல் அவளுக்குப் பெரிய நம்பிக்கை ஒன்றும் இருந்ததில்லை.

அவர் எழுந்து தரையைக் காட்டினார். "இந்த டைல்ஸ் ஜாயிண்ட் நேரா இருக்கான்னு பாருங்க."

டைல்ஸ்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "இது சுத்தமா இருக்குங்க."

"ஐயா, இந்தக் கோட்டு மேல சாட்சி ஒன்பது எட்டு நடந்து காட்டட்டும்."

அரசு வக்கீல் ஆட்சேபித்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "நடக்கட்டுமே. விஞ்ஞானம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே?" என்றார்.

போலீஸ்கார அம்மா கூண்டிலிருந்து இறங்கினார். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். நடந்தார்.

மூன்றாவது எட்டில் உடம்பு சாய்ந்தது. ஐந்தாவதில் கைகள் இரண்டும் விரிந்தன. ஏழாவதில் இடது கால் மடங்கி, டைப்பிஸ்ட் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கொல்லென்று சிரிப்பு. எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தது டைல்ஸ்காரர் மனைவிதான். அவளுக்கு வயிறு குளிர்ந்துவிட்டது.

"குடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார் நீதிபதி.

"இல்லைங்க ஐயா."

"அப்புறம் ஏன் இப்படி?"

"இடது முழங்கால் தேய்ஞ்சு போச்சுங்க ஐயா. மூணு வருஷம் ஆச்சு. ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா ரோட்டு டியூட்டியிலேர்ந்து எடுத்துடுவாங்கன்னு சொல்லலை."

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் முகம் கடுகடுத்தது.

"இவரும் நாள் முழுக்க முட்டி போட்டு வேலை செய்யறவராச்சே. அதை ரிப்போர்ட்ல எழுதினீங்களா?" என்று கேட்டார் நீதிபதி.

"ஃபாரத்துல அதுக்குக் கட்டம் கிடையாதுங்க ஐயா. ரெண்டு தடவை கோட்டை விட்டாலே கேஸ்தான். ஓரத்துல எழுதினேன். வேற ஃபாரம் எடுத்து, அது இல்லாம எழுதிக் குடுக்கச் சொல்லிட்டாங்க."

நீதிபதி கேஸ் கட்டை மூடி வைத்தார். பிறகு சொன்னார்: "கோட்டுல நடக்கறதைப் பார்த்துச் சந்தேகப்படலாம். மேற்கொண்டு சோதிக்கலாம். அதையே விஞ்ஞானம்னு சொல்லி ஒருத்தரோட பிழைப்பைப் பறிக்க முடியாது. இவரை விடுதலை பண்றேன்."

வெளியே வந்ததும் டைல்ஸ்காரர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவளுக்கும் கண் கலங்கியது.

வராந்தாவின் கோடியில் இன்ஸ்பெக்டர், "நாளையிலேர்ந்து உங்களுக்கு ரெக்கார்டு ரூம்" என்று இரைந்துகொண்டிருந்தார். போலீஸ்கார அம்மா ஒரு சல்யூட் அடித்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படி இறங்கினார்.

"நல்லா வேணும்" என்றாள் டைல்ஸ்காரர் மனைவி. பிறகு வக்கீலிடம், "தம்பி, உங்களை என்னமோன்னு நினைச்சேன். அந்தம்மா முட்டி விஷயத்தை எப்படித்தான் மோப்பம் பிடிச்சீங்க?" என்று கேட்டாள்.

வக்கீல் படியில் இறங்கிப் போகிறவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எங்கேம்மா பிடிச்சேன்? போன வாரம் அவங்களே என்னைத் தேடி வந்தாங்க. 'வேன்லேர்ந்து இறங்கறப்போ உங்க ஆளு முட்டியைத் தடவிக்கிட்டே இறங்கினார். அந்த வலி எனக்குத் தெரியும். நானா எழுதினா மாத்தச் சொல்றாங்க. அதனால, எல்லாரும் பார்க்க என்னை அந்தக் கோட்டு மேல நடக்க விடுங்க'ன்னு கேட்டுக்கிட்டாங்க."