ஊரில் ஒரே வண்டி

வாளித் தண்ணீர் மறுபடியும் சிவந்துபோனது. டீச்சர் அதை அவசர அவசரமாகச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, காரின் பின்சீட்டை இன்னும் அழுத்தித் தேய்த்தாள். ரத்தக் கறை போவேனா என்று அடம்பிடித்தது.

நேற்று சாயங்காலம் அப்பா இல்லாத நேரம் பார்த்து மகள் காரை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது சட்டையெல்லாம் ரத்தம். "ரோட்டுல ஒரு ஆளு... ஒரே ரத்தம்மா... அப்பாகிட்ட சொல்லாத" என்றதோடு சரி, அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

"அந்த ஆளு உயிரோட இருக்காரா? அதையாவது சொல்லுடி!" என்று டீச்சர் கதவைத் தட்டினாள்.

"தெரியலம்மா. போலீஸ் வரும்னாங்க, பயந்து ஓடி வந்துட்டேன்."

அதற்குமேல் அழுகைதான். டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள். லைசென்ஸ் வாங்கின கையோடு ஆளை இடித்து, பின்சீட்டில் தூக்கிப் போட்டு, எங்கேயோ விட்டுவிட்டு வந்திருக்கிறாளே! இவளை ஜெயிலுக்கு அனுப்பவா பெத்தேன்?

காரின் முன்பக்கத்தையும் குனிந்து பார்த்தாள். ஒரு நெளிவு இல்லை, ஒரு கீறல் இல்லை, படிந்திருந்த தூசிகூடக் கலையவில்லை. நல்லவேளை, போலீஸ் வந்தாலும் பிடிக்க ஒன்றும் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

நினைத்து முடிக்கவில்லை, வாசலில் ஜீப் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் இறங்கினார். ஜீப்புக்குள் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்தது. டீச்சர் வாளியைக் காருக்குப் பின்னால் தள்ளினாள். ஐயோ, அந்த ஆளோட பெண்டாட்டியா?

"எண்ணெய்ச் சட்டி வீடு இதுதானே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அது டீச்சரின் புருஷனுக்குத் தெரு வைத்த பட்டப்பெயர். பஸ் டிப்போ மெக்கானிக்கான அந்த மனுஷன், வெட்கமே இல்லாமல் பல்லைக் காட்டிக்கொண்டு கொட்டகையிலிருந்து வெளியே வந்தார்.

"நீங்க காரை சமையல் எண்ணெயில ஓட்டுறீங்களாமே?"

அவ்வளவுதான். யாராவது கேட்க மாட்டார்களா என்று வருஷக்கணக்காக ஏங்கிக் கிடந்தவராயிற்றே! "அப்படியே ஊத்துறதில்ல சார். ஹோட்டல்காரங்க பொரிச்சுட்டுக் கொட்டுற எண்ணெயை வாங்கிட்டு வந்து, வடிகட்டி, சூடு பண்ணி, மருந்து கலந்து, அடியில தங்குற கசடைப் பிரிச்சு எடுக்கணும். பயோடீசல் ரெடி!"

"புகை எப்படி வரும்?"

"அதுதான் சார் விசேஷமே! வண்டியைச் சுத்தி எண்ணெயில எதையோ பொரிக்கிற மாதிரி கமகமன்னு வாசனை. பின்னாடி வர்றவனுக்குப் பசி எடுத்துடும்!"

டீச்சர் பின்னால் நின்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சும்மா இரு, சார் ஆசையாக் கேக்குறாருல்ல" என்று அவர் அவள் கையைத் தட்டிவிட்டார்.

"ஊருல இந்த மாதிரி இன்னும் எத்தனை வண்டி ஓடுது?"

"இன்னுமா? இது ஒண்ணே ஒண்ணுதான் சார்! கோர்ட்டுக்கு வந்துகூடச் சொல்றேன்!"

பாவி மனுஷா, பெத்த மகளுக்கு நீயே குழி வெட்டுறியே என்று டீச்சர் மனசுக்குள் கதறினாள். அதற்குள் இன்ஸ்பெக்டர் காரின் பின்கதவைத் திறந்து சீட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"ஈரமா இருக்கே?"

"கா... காப்பி கொட்டிடுச்சு சார்." பொய் சொல்லக்கூடாது என்று தினமும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற வாய் குழறியது.

இன்ஸ்பெக்டர் விரலைத் துடைத்துக்கொண்டார். "நேத்து சாயங்காலம் மார்க்கெட் ரோட்டுல ஒருத்தர் அடிபட்டுட்டாரு. முகமெல்லாம் ரத்தம் வழிஞ்சு, கண்ணைத் திறக்கவே முடியலையாம். கடைசியா அவரு சொன்னது ஒண்ணுதான். எண்ணெயில பொரிக்கிற வாசனை வந்துச்சாம்."

எண்ணெய்ச் சட்டியின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "நேத்து நான் டிப்போவுல டூட்டி சார்..."

"அப்ப வண்டியை ஓட்டினது யாரு?"

அவர் பார்வை மகளின் அறைப் பக்கம் போனது. இன்ஸ்பெக்டரின் பார்வையும் கூடவே போனது. உள்ளே தாழ்ப்பாள் மெல்ல அசைகிற சத்தம்.

டீச்சர் பாய்ந்துபோய்க் குறுக்கே நின்றாள். "நான்தான் சார்! நான்தான் ஓட்டினேன். இடிச்சதும் நான்தான். என் பொண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது. என்னைக் கூட்டிட்டுப் போங்க!"

விலங்கு மாட்டச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினாள். ஜீப்பிலிருந்த பெண் இறங்கி ஓடி வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று டீச்சர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

வந்தவள் நீட்டிய கைகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு விசும்பினாள். "அவர் பிழைச்சுட்டாருங்க... பிழைச்சுட்டாரு!"

இன்ஸ்பெக்டர் ஒன்றும் புரியாமல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"இடிச்ச லாரிக்காரனை நேத்தே பிடிச்சாச்சும்மா. நாங்க தேடுறது, அவரை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு ஓடிப்போனவங்களை!"